முறிகண்டியில் நின்ற வெங்காய லொறி

போன கிழமை ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போனோம். வாடகை வான். குடும்பம், பெட்டிகள், பலகாரச் சட்டி எல்லாம் உள்ளே. ஓட்டியவர் ஒரு இளந்தாரி — காதை மூடிய முடி, ஓயாத கசெற் பாட்டு, பேச்சு மட்டும் குறைவு.

கிளிநொச்சி தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் கோயில் குளம் நம்பாத ஆளெண்டு கேள்விப்பட்டனான். முறிகண்டியிலை நிப்பாட்டவோ, விடவோ?"

"நிப்பாட்டும்!"

நான் போட்ட சத்தத்தில் பின்சீற்றில் உறங்கிய மருமகள் திடுக்கிட்டு எழும்பிவிட்டாள். என் மனைவி சிரித்தாள். "வயது போகப் போக இவருக்குப் பக்தி முத்துது."

பக்தியா? எனக்கா? திருவிழா வாணவேடிக்கைச் செலவைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதி நான் எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முறிகண்டிப் பிள்ளையாரை நிற்காமல் தாண்ட என்னால் முடியாது. காரணம் ஒரு வெங்காய லொறி.

அறுபதுகளின் நடுப்பகுதி. அப்போது நான் லொறித் தொழிலாளர் சங்கம் ஒன்றின் அமைப்பாளன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சலூனுக்கு மேலே ஒரு அறை, ஆடுகிற மேசை, ஒரு சைக்கிள். கொழும்பிலிருந்த தலைமை அலுவலகம் எனக்குத் தந்த வேலை இதுதான்: வலிகாமத்து லொறி டிரைவர்களைச் சங்கத்தில் சேர்.

சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் ஏறுகிற இடம். மூட்டைகளுக்கு நடுவில் நின்று உழைப்பு, சுரண்டல், முதலாளி வர்க்கம் என்று விளாசித் தள்ளினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். "ஓம் தம்பி, நல்ல விஷயம்" என்றார்கள். நாளைக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்கள்.

அந்த நாளை வரவேயில்லை.

கடைசியில் தவம் என்ற டிரைவர்தான் எனக்கு விஷயத்தை விளங்கப்படுத்தினான். என் வயதுக்காரன், வாய்க்காரன். சந்தையில் குடையோடு நின்ற கந்தப்பு முதலாளியைக் கண்ணால் காட்டினான்.

"உவர் உனக்கு வர்க்கம். எனக்கு மாமா. அவரின்ரை மகளை எனக்குப் பேசியிருக்கினம். அவருக்கு முன்னாலை நிண்டு அவருக்கு எதிரான கடுதாசியிலை எப்படியடா கையெழுத்து வைக்கிறது?"

நான் படித்த புத்தகங்கள் எதிலும் இதற்குப் பதில் இல்லை. அங்கே முதலாளி என்றால் யாரோ தெரியாத ஆள் இல்லை. மாமா, சித்தப்பா, அடுத்த வளவுக்காரர். பொங்கலுக்கு வேட்டி தருவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கார் பிடித்துவிடுவார். சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் மட்டும் முகம் கறுப்பார்!

அந்த நேரத்தில்தான் இராசதுரை அண்ணைக்குக் கால் முறிந்தது.

அவர் அதே கந்தப்பு முதலாளியின் லொறி டிரைவர். தூரத்து உறவும்கூட. மதவாச்சிக்குக் கிட்ட ஒரு இறக்கத்தில் பிறேக் பிடிக்காமல் லொறி மரத்தில் போய் மோதியது. பிறேக் சரியில்லை என்று அவர் முதலே முதலாளியிடம் சொல்லியிருந்தார். "இந்த லோட்டை இறக்கிப்போட்டு வா, பாப்பம்" என்பதுதான் பதில். ஆனால் சொன்னதற்குச் சாட்சி யார்?

முதலாளி தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார், கண் கலங்கினார், ஆஸ்பத்திரிச் செலவையும் கொடுத்தார். லொறி திருத்தி முடிந்ததும் வேறு டிரைவரை ஏற்றினார். இராசதுரை அண்ணையின் வீட்டில் நாலு பிள்ளைகள். கால் எப்போது ஊன்றும் என்று டொக்டருக்கே தெரியவில்லை.

"எனக்குத் தருமம் வேண்டாம் தம்பி. கால் சுகமாகும்வரை அரைச் சம்பளம். சுகமானவுடனை என்ரை ஸ்டியறிங். இவ்வளவும்தான்."

இவ்வளவும்தான்! இதைக்கூட வாங்கிக் கொடுக்க முடியாத சங்கம் எதற்கு? அன்றைக்கு எனக்கு ஒரு பிடிவாதம் பிடித்தது. இதை வாங்காமல் விடுவதில்லை.

சந்தையில் முதலாளிமார் நிற்கிறார்கள். வீட்டுக்குப் போனால் உறவுக்காரர் நிற்கிறார்கள். றோட்டில் லொறி நிற்காது. அப்படியென்றால் எங்கே பிடிப்பது? யோசித்து யோசித்து ஒருநாள் மண்டையில் உறைத்தது. தெற்கே போகிற லொறி எதுவும் முறிகண்டியில் நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசி, கச்சான் கடலை வாங்கிக் கொறித்தால்தான் அப்பால் வண்டி உருளும். எந்த அவசரமும் இதற்குப் பிறகுதான்.

அங்கே முதலாளி யாரும் இல்லை!

தலைமை அலுவலகத் தோழர் ஒருவர் கேள்விப்பட்டுக் கொதித்தார். கோயில் வாசலில் தொழிற்சங்கமா என்று கேட்டார். மீன் இருக்கிற இடத்தில்தானே தோழரே வலை போட வேண்டும் என்றேன். அதோடு அவர் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்.

பின்னேரம் பின்னேரம் பஸ் பிடித்துப் போய்க் கச்சான்காரிகளுக்குப் பக்கத்தில் குந்தினேன். சுன்னாகத்தில் மத்தியானம் ஏற்றிய லொறிகள் பொழுதுபடுகிற நேரம் வரும். இங்கே எல்லாரும் வாய் திறந்து கதைத்தார்கள். ஆனாலும் படிவத்தை நீட்டினால் கை பின்னுக்குப் போய்விடும்.

தவம் ஒருநாள் கேட்டான். "நீ ஏன் ஒருநாளும் உள்ளுக்கை வாறேல்லை?"

"எனக்கு நம்பிக்கை இல்லை."

"சரி, உனக்கு இல்லை. எங்களுக்கு இருக்கு. கடுதாசியை விடு. அது ஆரின்ரையாவது கையிலை போய்ச் சேரும். நாங்கள் இதிலை தேங்காய் உடைச்சுச் சொல்லுறம் — இராசதுரை அண்ணைக்கு ஒரு முடிவு வரும்வரை அந்த லொறியிலை ஒருத்தனும் ஏறமாட்டம். நீ கிட்ட நிண்டு பார்."

செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். ஒவ்வொருவராக வந்து உடைத்தார்கள். அந்த லொறியைப் புதிதாக ஓட்டியவரும் உடைத்தார். எல்லாரிலும் ஓங்கி உடைத்தவன் தவம்.

அதோடு கந்தப்பு முதலாளியின் லொறி வளவுக்குள் படுத்துவிட்டது. கூப்பிட்ட டிரைவருக்கெல்லாம் திடீரென்று நாரிப்பிடிப்பு வந்தது. ஒருவருக்குச் செத்தவீடு. இன்னொருவர், பகலிலேயே தனக்குக் கண் தெரியவில்லை என்றார்! அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா?

பிறகு மழை வந்தது. முதலாளி வாங்கி ஏற்றிவைத்த வெங்காயம் நனைந்துவிட்டது. நனைந்த வெங்காயம் மூட்டைக்குள் காத்திருக்காது. தவத்தைக் கூப்பிட்டார்.

"ஏறுறியோ, இல்லாட்டி என்ரை மகளுக்கு வேறை இடம் பார்க்கவோ?"

தவம் ஏறிவிட்டான்.

அன்று பொழுதுபடும் நேரம் அந்த லொறி முறிகண்டிக்கு வந்தது. ஒருவன் சத்தியத்தை முறித்தால் எல்லாம் போச்சு. இராசதுரை அண்ணையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

நிற்காமல் போயிருக்கலாம். றோட்டு வெறுமை, ஒருவரும் மறிக்கவில்லை. ஆனால் எந்த டிரைவரால் அது முடியும்? லொறி மெதுவாகியது. தள்ளி ஒரு மரத்தடியில் நின்றது. தவம் இறங்காமல் உள்ளேயே இருந்தான்.

யாராவது தூஷணத்தால் திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திட்டவில்லை. வயதான டிரைவர் ஒருவர் ஒரு தேங்காயோடு போய் அதைத் தவத்தின் கையில் கொடுத்தார்.

"இந்தா தம்பி, உடைச்சிட்டுப் போ."

தவம் இறங்கி வந்தான். தேங்காய் உடைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றான். கையை ஓங்கினான்... கை இறங்கவில்லை. தேங்காயைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து லொறியின் திறப்பை எடுத்துக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் பிள்ளை மாதிரி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை.

ஊர்ப்பக்கம் திரும்பிய லொறியொன்றில் செய்தி போயிற்று. விடியக் காலையில் கந்தப்பு முதலாளி வாடகைக் காரில் வந்து இறங்கினார். லொறியைப் பார்த்தார், மூட்டைகளில் மூக்கை வைத்து மணந்து பார்த்தார், முகம் சுருங்கியது. எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே போய்க் கால் கழுவி, தேங்காய் உடைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசினார்.

திரும்பினால், எதிரே இராசதுரை அண்ணை. இரவோடிரவாக வந்த லொறியில் ஏறி, கக்கத்தில் தடியோடு வந்திருந்தார்.

"முதலாளி, ஒண்டே ஒண்டு கேக்கிறன். பிறேக்கைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னனானோ, இல்லையோ?"

முதலாளி எங்களைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைப் பார்த்தார். சுன்னாகத்தில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியாது.

"சொன்னனீர்" என்றார்.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரைச் சம்பளம், முறிந்த நாளிலிருந்து. கால் சுகமானதும் ஸ்டியறிங். எல்லார் முன்னாலும் வாயால் சொன்னார். (தவத்தின் கலியாணம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நடந்தது. நானும் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.)

சங்கம் கட்டப் போகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்லலாம். ஆட்களை நாங்கள்தான் புதிதாய்ச் சேர்க்கிறோம் என்று நினைக்கிறோம். அவர்கள் ஏற்கனவே எங்கோ ஒரு இடத்தில் சேர்ந்துதான் நிற்கிறார்கள். அந்த இடத்தைத் தேடிப் போகத்தான் எங்களுக்குப் பஞ்சி, சோம்பல்.

அன்று காலையில் நான் படிவங்களை வெளியே எடுத்தேன். இந்த முறை ஒரு கையும் பின்னுக்குப் போகவில்லை. முதல் ஆள் தவம். மாமாவுக்கு நேர் எதிரே நின்று படிவத்தை வாங்கினான். அந்த நேரம் பார்த்து என் பேனை எழுதவில்லை. உதறினேன், ஊதினேன்... ம்ஹூம்.

கந்தப்பு முதலாளி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் பேனையை உருவி மருமகனிடம் நீட்டினார்.

"கெதியா வையுங்கோடா கையெழுத்தை. அங்கை வெங்காயம் அழுகுது!"