இடது ஓரத்தில் மாமா

அவனை எல்லோரும் ‘இன்னொண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு படம் எடுத்து முடித்ததும் கேமராவை இறக்காமல், “இன்னொண்ணு எடுத்துக்கலாம், அப்படியே இருங்க” என்பான். அதை எடுத்ததும் மறுபடியும் “இன்னொண்ணு.” பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டே படி இறங்குவார்கள். முன்பெல்லாம் அவன் இப்படி இல்லை. ஒரே சொடுக்கு, அடுத்த ஆள். இந்தப் பழக்கம் அவன் வாங்கிய ஒரு புதுக் கேமராவோடு வந்தது.

சாவி வெட்டும் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவன் ஸ்டுடியோ. வெள்ளைத் திரை, கால் ஆடாமலிருக்க அடியில் அட்டை மடித்து வைத்த ஸ்டூல், கயிற்றில் கட்டிய சீப்பு, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. சட்டை சரியில்லாதவர்கள் அதை மாட்டிக்கொண்டு உட்காரலாம். எங்கள் பகுதியில் பாதிப் பேர் அடையாள அட்டையில் அந்த ஒரே கோட்டோடுதான் இருக்கிறார்கள். நானும்தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே தெருவில் அக்கா வீடு. சாப்பாடு, சண்டை, சிரிப்பு எல்லாம் அங்கேதான். பிறகு அதுவும் நின்றுபோனது.

அக்கா புருஷனை எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். நான் சங்க வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் மெஷினில் நின்றவர். மெஷினுக்கு வலது பக்கத்தைக் கொடுத்தே நின்றதில் வலது காது போய்விட்டது. அதனால் எங்கே நின்றாலும் மற்றவர்கள் தன் இடது பக்கம் வருகிற மாதிரி நிற்பார். குரூப் போட்டோவில் அப்படி நின்றால் பார்க்கிறவர்களுக்கு அவர் இடது ஓரம். யார் நகரச் சொன்னாலும் நகர மாட்டார்.

மச்சினனையும் தொழிற்சாலையில் சேர்த்துவிட அவர் ஒரு காலத்தில் அலைந்தார். இவன் வரமாட்டேன் என்றான். “கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடியறதெல்லாம் ஒரு வேலையாடா?” என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டார். “காது போனாத்தான் வேலையா, மாமா?” என்று இவன் திருப்பிக் கேட்டான்.

அதற்குப் பிறகுதான் புதுக் கேமரா வந்தது, படங்கள் கலங்க ஆரம்பித்தன. அக்கா மகன் படிப்பை முடித்த விருந்து, மகள் கல்யாணம், பேரன் பிறந்து வீட்டுக்கு வந்த நாள். மூன்றிலும் எல்லோர் முகமும் பளிச்சென்று இருந்தது. இடது ஓரத்தில் மாமா மட்டும் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தார்.

முதல் படத்துக்குச் சிரித்தார். இரண்டாவதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்றாவதைக் கையில் வாங்கியதும், “பழி வாங்கறியாடா?” என்றார்.

“வேணும்னு பண்ணலை மாமா.”

“கை தவறினா ஒரு தடவை தவறும். மூணு தடவையுமா? அதுவும் எம் மூஞ்சியில மட்டும்?”

இவன் அறைக்குப் போய்த் திரையின் இடது ஓரத்தில் சட்டை, சீப்பு, கோட்டு என்று தொங்கவிட்டு எடுத்துப் பார்த்தான். எல்லாம் நூல் நூலாகத் தெரிந்தது. கேமரா மேல் குற்றமில்லை, தன் கண்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டான். ‘இன்னொண்ணு’ அப்படித்தான் பிறந்தது. அக்கா வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினான். அக்காவும் கூப்பிடவில்லை. மாமாவோ வேறு ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்து, தலையை மட்டும் கத்தரித்து, கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் தன் இடத்தில் ஒட்டிவிட்டார். மணமக்கள் தலையைவிட அவர் தலை பெரிது.

வருடங்கள் ஓடின. ஒருநாள் அந்தக் கேமரா கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. “சில சூழல்களில் படத்தின் ஓரத்தில் தெளிவு குறையக்கூடும்.” குறையும் என்று சொல்ல வாய் வரவில்லை, குறையக்கூடுமாம். நிர்வாகங்கள் எழுதுகிற இந்தத் தமிழை நான் நிறையப் படித்திருக்கிறேன். விஷயம் இதுதான்: வெகுநேரம் ஓடிக் கேமரா சூடானால், உள்ளே படம் பதிகிற தகடு ஒரு பக்கமாக மயிரிழை சாய்ந்துவிடுகிறது. ஆறினால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மாத முடிவுக்குள் கொண்டுவந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள்.

அவன் சொல்லித்தான் நானும் அதே கேமராவை வாங்கியிருந்தேன். இருவரும் சேர்ந்து போனோம்.

சர்வீஸ் சென்டரில் கூட்டம். கல்யாணப் படம் எடுக்கிற ஒரு பருத்த மனிதர் எல்லோரிடமும் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். “பாருங்க, மாப்பிள்ளையோட சித்தப்பா. ஆள் தெரியுதா? மண்டபத்துல என்னைச் சட்டையைப் பிடிச்சாருங்க!”

“ஓசியில பண்ணித் தரான், பேசாம வாங்கிட்டுப் போவீங்களா” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“சட்டையைப் பிடிச்சது உங்களையா, என்னையா?”

கூட்டத்தில் சூடு இருந்தது. விடலாமா? நான் முன்னால் போய்க் கவுன்டரில் இருந்த பெண்ணிடம், “தப்பு எங்களோடதுன்னு கம்பெனி பேப்பர்ல போடணும். இவங்கல்லாம் ஊர் ஊராப் போய்ப் புரிய வைக்க முடியாது” என்றேன். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கேமராவோட இதுவும் ஃப்ரீ சார்” என்று லென்ஸ் துடைக்கிற துணியை ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தாள். கோடு போட்ட துணி. ஆமாம் போட்டவர்கள் அதை விரித்து நிறம் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு முழத் துணிக்கு ஒரு போராட்டம் கலைந்ததை அன்றுதான் பார்த்தேன். பருத்தவர் இரண்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொண்ணின் முறை வந்தது. கேமராவைக் கொடுத்தான். அந்தப் பெண் எண்ணைக் குறித்துக்கொண்டு அதை உள்ளே எடுத்துப் போக எழுந்ததும், “குடுத்துருங்கம்மா” என்று திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான்.

“என்னய்யா ஆச்சு உனக்கு?” என்று ஓடினேன்.

“சரியாயிடுச்சுன்னா அப்புறம் மாமாகிட்ட எதைக் காட்டுவேன் தோழர்? இது கெட்டுப்போன கேமராவா இருக்கற வரைக்கும்தான் எனக்குச் சாட்சி.”

“கம்பெனி அறிவிப்பைக் காட்டு.”

“நிர்வாகம் ஒட்டற நோட்டீசை நம்பாதேன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?”



அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த அக்கா தம்பியைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள். “கூட வந்திருக்கறவரையும் உள்ள வரச் சொல்லுங்க. மழையில நிக்க வேணாம்.” மழை எதுவும் பெய்யவில்லை.

மாமா தினசரியைத் தாழ்த்தவில்லை. நான் அவருடைய இடது பக்கம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “சரி, சூடாக்கு. பாப்போம்” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

கேமராவை வீடியோவில் ஓடவிட்டு மேசையில் வைத்தான். நாங்கள் உட்கார்ந்தோம். கூடத்துப் பெரிய தலை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியதில் இன்னொண்ணுக்கு இருமல் வந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் ‘டக்’கென்று வைத்தாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்? சோறு வேகற நேரம்கூட ஆயிடுச்சே” என்றார் மாமா.

“இன்னும் கொஞ்சம் மாமா. கல்யாணத்தன்னைக்குக் காலையிலேர்ந்து ஓடிச்சே.”

“சோறு வெந்தாச்சு” என்றாள் அக்கா, இந்த முறை தம்பியைப் பார்த்து. “சாப்பிட்டுட்டே காத்திருக்கலாம்.”

சாப்பிட்டோம். அவனுக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது முறை விழுந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து கேமராவைத் தொட்டுப் பார்த்தான். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

“நில்லுங்க மாமா, எடுக்கறேன்.”

“நீ எடுத்தா வேணும்னே பண்ணிடுவே. குடு இங்க. நான் எடுக்கறேன். நீ போய் நில்லு.”

அக்கா நடுவில் நின்றாள். நான் அவளுக்கு ஒரு பக்கம். இன்னொண்ணு போய், மாமா எப்போதும் நிற்கிற ஓரத்தில் நின்றான். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். பிரஸ் மெஷினில்கூட அவரை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

ஸ்கிரீனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அக்காவின் நரைமுடி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருந்தது. என் சிடுமூஞ்சியும் சுத்தமாக விழுந்திருந்தது. அப்படியே இடது பக்கம் நகர்த்தினான். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புகைத் தீற்றல். ஆள் யாரென்றே தெரியவில்லை.

மாமா கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடி கிட்டே கொண்டுவந்தார்.

“நான் ஒண்ணும் வேணும்னு பண்ணலைடா” என்றார்.

“தெரியும் மாமா.”

 அக்கா கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, ஒட்டிய தலையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

“அதை ஏன்டி கிழிக்கறே? நல்லாத்தானே இருக்கேன்” என்றார் மாமா.

“மாட்டுத் தலை மாதிரி இருக்கு. பேரன் பயப்படறான்.”

“இருக்கட்டும், விடு. டேய், இப்ப நான் எடுத்ததைப் பெரிசாப் பிரிண்ட் போட்டுக் குடு. இது பக்கத்துலயே மாட்டறேன்.”

மறுநாள் கேமராவைக் கொடுத்துவிட்டு வந்தான். கம்பெனி மாத முடிவுக்குள் சரிசெய்து கொடுத்தது, கோடு போட்ட துணியோடு. பேப்பரில் எதுவும் போடவில்லை. நான் இன்னும் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அக்கா வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து எடுத்தான். மாமா இடது ஓரத்தில், தன் இடத்தில். படம் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. அவர் தன் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு கிழவனாவா ஆயிட்டேன்? பழசே தேவலை” என்றார்.

“அசையாம நில்லுங்க மாமா” என்றான் அவன், கேமராவை இறக்காமல். “இன்னொண்ணு.”