பாஸ்ஸுவின் ஒரே வசனம்

தாடிக்கு எண்ணெய் தடவியபடி கண்ணாடியைப் பார்த்து உறுமுகிறார் பாஸ்ஸு. "போனாப் போகட்டும், விடு!" பதினாலு வெளிநாட்டுப் படங்களில் வாயைத் திறக்காமலே சுடப்பட்டுச் செத்தவருக்கு இதுதான் முதல் வசனம்.

"இதுக்குக் கழுதைகூட மிரளாது" என்கிறாள் மனைவி இத்தோ.

"நீ சும்மா இருடி. இந்த வர்ஸாஸாத் ஊருல என்னை மாதிரி அழகாச் சாக எவன் இருக்கான்?"

பொய்யில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காமல், ஞாயிற்றுச் சந்தையில் கழுதைத் தரகு பார்த்தே மாடி வீடு கட்டிய ஆள். பாலைவனம் தேடி மொராக்கோவுக்கு வரும் சினிமாக்காரன் எவனானாலும், கடத்தல்காரன் முகத்துக்கு இவரிடம்தான் வந்தாக வேண்டும். இந்தப் படத்தின் கதையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "நம்மகிட்ட ஒரு ஆளு பிடிபட்டிருக்கான். அவனை மீட்கத் தூதர் வந்து பேரம் பேசுறாரு. வாராவாரம் பண்றதுதானே, இதுல என்ன நடிப்பு?"

அங்கேதான் இடித்தது. பேரம் படியாமல் தூதர் எழுந்து வாசலுக்கு நடக்க வேண்டும். பாஸ்ஸு உட்கார்ந்த இடத்திலேயே வசனத்தைச் சொல்ல வேண்டும். சந்தையிலோ, எழுந்து போகிறவரை மூன்றாவது அடிக்குள் திரும்பக் கூப்பிடாதவன் தரகனே இல்லை. படப்பிடிப்பில் முதல் தடவை தூதர் மூன்றடி வைத்தார். பாஸ்ஸு துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அட, கோவிச்சுக்கிட்டா எப்படிங்க? உக்காருங்க, டீ குடிங்க. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், நடுவுல முடிச்சுக்கலாம்!"

முகத்தில் சாக்கு மாட்டியிருந்த பிணைக்கைதி உள்ளுக்குள்ளேயே குலுங்கிச் சிரித்தார். இரண்டாம் தடவையும் அதே கூத்து. இயக்குநர் தொப்பியைத் தரையில் அடித்தார்: இன்னொரு தடவை எழுந்தால் வசனம் ஹத்துவுக்கு. ஹத்து, இத்தோவின் தம்பி; படத்தில் அதே கடத்தல் கும்பலில் ஒருவன். அதற்குள் தாடியைச் சீவ ஆரம்பித்திருந்தான்.

"மாமா, நீங்க வழக்கம்போலச் செத்துடுங்க. பேசுறதை நான் பாத்துக்கறேன்."

"போடா, உன் மூஞ்சிக்குப் பொணம் வேஷமே ஜாஸ்தி."

மூன்றாம் தடவை. தூதர் எழுந்தார். ஓரடி. ஈரடி. மூன்றாவது அடியில் பாஸ்ஸுவின் கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"போனாப் போகட்டும், விடு!"

தூதர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். இயக்குநர் துள்ளிக் குதித்தார்; எல்லோரும் கைதட்டினார்கள்.

மேசைக்கு அடியில், கேமராவுக்குத் தெரியாமல், பாஸ்ஸுவின் இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னும் விடவில்லை.