பட்டாசு விளம்பரத்துக்கு நான் போட்ட மெட்டு

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். வடிவமைப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. அடுத்த கம்பெனி லேபிளில் ஒரு மான் வலப்பக்கம் பார்த்து நின்றால், அதை ஸ்கேன் செய்து இடப்பக்கம் திருப்பி நிறுத்துவேன். வாலில் கொஞ்சம் மஞ்சள் சேர்ப்பேன். கணிப்பொறி அறிவியலில் நான் வாங்கிய பட்டம் அதற்குத் தாராளமாகப் போதும்.

அச்சகத்துக்கு மாதாமாதம் வந்த கணினிப் பத்திரிகையோடு ஒரு சிடி வரும். ஒரு மாதச் சிடியில் இசையமைக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது, இலவசமாக. திறந்து பார்த்தால் பியானோ கட்டையும் இல்லை, சுரக்கோடும் இல்லை. வெறும் வெள்ளைத் திரை. நிரல் எழுத வேண்டும். இந்தச் சுரத்தில் தொடங்கு, இப்படி ஏறு, நாலாவது சுற்றில் வேகத்தைக் கூட்டு என்று வரி வரியாக எழுதிக் கொடுத்தால் அது வாசிக்கும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் வாசிக்காது, திட்டும். மற்றவர்கள் சாப்பிடப் போகும் வேளையில் உட்கார்ந்து ஒரு மாதம் திட்டு வாங்கினேன். நான் சங்கீதம் படித்ததில்லை. அது ஒரு குறையாகவும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் முதலாளிக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலையும் உண்டு. அந்தத் தீபாவளி சீசனுக்கு உள்ளூர் கேபிள் டிவியில் விளம்பரம் கொடுக்க அவருக்கு ஆசை வந்தது. படமெல்லாம் தயார், பின்னால் ஓடுவதற்கு ஒரு மெட்டுத்தான் வேண்டும் என்றார். நான் போட்டுத் தருகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஒரு வாரம் முயன்றேன். நான் எழுதியவற்றில் எதுவும் மெட்டாக வரவில்லை. ஒன்று மட்டும் ஆம்புலன்ஸ் மாதிரி வந்தது. கடைசியில், மென்பொருளோடு வந்த உதாரணங்களில் முதல் பாடத்தைத் திறந்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கற்றுக்கொள்கிறவர்களுக்காக எழுதி வைத்த அழகான சின்ன மெட்டு. வேகத்தைக் கூட்டினேன். வாத்தியப் பட்டியலில் நாகஸ்வரம் இல்லாததால் ஷெனாயை வைத்தேன். இரண்டு நிமிட வேலை. ஒரு வாரம் ஆயிற்று என்று முதலாளியிடம் சொன்னேன். அதில் பொய்யும் இல்லை.

அவருக்குப் பிடித்துவிட்டது. வந்தவர் போனவரை எல்லாம் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். "கம்ப்யூட்டரு எம்புட்டு அழகாப் போட்டிருக்கு பாத்தீகளா?" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், அந்தக் கம்ப்யூட்டருக்கு மின்விசிறி போட வந்த ஆள் மாதிரி இருந்தேன். திருடிய மெட்டுக்குப் பாராட்டு கிடைக்கவில்லையே என்று வருந்தியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விளம்பரம் ஓடி பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு மதியம் முதலாளி வீட்டிலிருந்து போன் செய்து உடனே டிவியைப் போடச் சொன்னார். சாத்தூர் ரோட்டில் ஆலை வைத்திருந்த ஒருவரின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் அவர்களுடைய வெடிகள், பின்னால் எங்கள் மெட்டு. அதே வேகம். அதே ஷெனாய். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். முதலாளியோ தொழில் தர்மம் செத்துப்போய்விட்டது என்று போனிலேயே கால் மணி நேரம் பேசினார்.

மறுநாள் கேபிள்காரர் அலுவலகத்தில் பஞ்சாயத்து. சாத்தூர் ரோட்டு முதலாளி தன் அக்கா மகனை அழைத்து வந்திருந்தார். ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளர், மெட்டுப் போட்டது அவர்தான். கேபிள்காரர் இரண்டு விளம்பரத்தையும் அடுத்தடுத்து ஓட்டினார். ஓடி முடிந்ததும் எங்கள் முதலாளி என்னைக் காட்டி, இந்தப் பொண்ணு ஒரு வாரம் உட்கார்ந்து போட்டது என்றார். கம்ப்யூட்டரை அவர் அன்று குறிப்பிடவே இல்லை.

சாத்தூர் ரோட்டுக்காரர் நிதானமாகப் பேசினார். "லேபிள்ல எங்க மானையாவது திருப்பி வச்சீக அண்ணாச்சி. பாட்ட அப்படியேல்ல வச்சிருக்கீக."

அக்கா மகன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அதே பத்திரிகை, அதே சிடி, அதே முதல் பாடம். அவருக்கும் நாகஸ்வரம் கிடைத்திருக்காது. அவர் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டதால் நான்தான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

"இது எங்க ரெண்டு பேரோடதும் இல்ல அண்ணாச்சி. அந்த சாஃப்ட்வேர் கூடவே வர்ற பாடம். யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம், மாத்தலாம், அடுத்தவுகளுக்கும் குடுக்கலாம்னு அதுலயே எழுதிப் போட்டிருக்காக."

நான் ஏமாற்றியதற்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். முதலாளியின் முகத்தில் கோபத்தைவிட அருவருப்புத்தான் தெரிந்தது.

"எல்லாருக்கும் குடுத்ததுன்னா அது நமக்கு எதுக்கும்மா?" என்றார்.

சாத்தூர் ரோட்டுக்காரரும் அதைத்தான் நினைத்திருந்தார் போல. தலையை ஆட்டினார். திருட்டு என்று இருந்தவரை சட்டையைப் பிடிக்கத் தயாராக இருந்த இருவரும், பொதுச்சொத்து என்றதும் ஒன்றாகிவிட்டார்கள். டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் இரண்டு விளம்பரமும் நிறுத்தப்பட்டன.

நமக்கு மட்டுமே சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முதலாளி கேட்டார். இந்த முறை நான் உண்மையாகவே உழைத்தேன். மூன்று வாரம், ஒவ்வொரு வரியும் நானே எழுதியது. மூன்று வாத்தியங்கள். ஷெனாய் தொடங்கும், சித்தார் பதில் சொல்லும், இரண்டுக்கும் மேலே புல்லாங்குழல் ராக்கெட் மாதிரி ஏறும். முதலாளி கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். பழசே நல்லாருந்துச்சு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆலையில் வெடி வெடித்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து விளம்பரத்துக்கு வைத்தார்கள். சாத்தூர் ரோட்டுக்காரரும் அதையே செய்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

எனக்கு ஆறவில்லை. என் மெட்டின் அருமை தெரிந்தவர்கள் உலகத்தில் எங்கேயோ இருப்பார்கள் என்று நம்பி, அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு நிரலை முழுசாக அனுப்பினேன். நான்கு நாள் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. மெட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பதினான்காவது வரியில் அடைப்புக்குறி தப்பான இடத்தில் இருப்பதாகவும், அதனால் புல்லாங்குழல் கடைசிவரை வாசிக்கவே இல்லை என்றும் ரொம்பப் பணிவாக எழுதியிருந்தார் யாரோ ஒருவர். மூன்று வாரமும் நான் அந்தப் புல்லாங்குழலைக் காதால் கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறியைச் சரியான இடத்தில் வைத்து மறுபடி ஓட்டினேன். புல்லாங்குழல் ஏறியது, ராக்கெட் மாதிரி அல்ல, ஆம்புலன்ஸ் மாதிரி. முதலாளி கேட்காமல் போனதே நல்லது.