கடைசிப் பெட்டி

காப்பிக் கடை வாசலில், பழைய ரயில்பாதை ஸ்லீப்பர் கட்டையில் செய்த பெஞ்சு வெயிலேறித் தார் வாசனை விட்டதும், அகலப்பாதைக்காக முதலியார்பேட்டையில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்திருந்த அந்தக் கோடை திரும்பி வந்துவிட்டது.

இருபுறமும் கருவேலம் உரசும் அந்த வெறும் மண்மேட்டில் சைக்கிள்களை வரிசையாக விட்டு நாங்கள் ரயில் ஓட்டுவோம். எதிர்வீட்டு மேரியிடம் பிரான்சு மாமா வாங்கித் தந்த கியர் சைக்கிள் இருந்ததால் எப்போதும் அவள்தான் எஞ்சின்.

"நீ கடைசில வர்ற கார்டு பெட்டிடி. முந்துனா ஆட்டத்துல இல்ல" என்பாள்.

கியர் டக்கென்று விழும் சத்தம் முன்னால் கேட்கும். அவள் கிளப்பிய புழுதியெல்லாம் அண்ணனின் துருப்பிடித்த சைக்கிளில் வரும் என் வாயில். அவள் செயின் அறுந்துபோக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்வேன். அறுந்ததே இல்லை.

பிறகு நிஜ ரயில் வந்து எங்கள் பாதையைப் பிடித்துக்கொண்டது. மேரி பிரான்சுக்கே போய்விட்டாள். இன்றும் விழுப்புரம் போவதென்றால், எத்தனை கூட்டமானாலும், எஞ்சினை ஒட்டிய பெட்டியில்தான் ஏறுகிறேன்.