பேண்டு செட்டுக்கு நடுவே ஒரு வயலின்

திருப்பதியில் அன்று மேடை ஏறும்போது எனக்கு ஒரே பயம்தான்: என் வயலின் யாருக்காவது கேட்குமா? பெரிய ஆர்கெஸ்ட்ராவின் துணையோடு வயலின் வாசிக்கும் மேற்கத்திய கான்செர்ட்டோ அது. எங்களுக்கு ஆர்கெஸ்ட்ரா ஏது? புத்தூர் பேண்டு செட்டுக்காக அதை மாற்றி எழுதியிருந்தோம். கல்யாண ஊர்வலத்தில் தெருவையே அதிரவைக்கும் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் என் பின்னால். ஒத்திகை முழுக்க நான் கத்தியது ஒன்றுதான்: "மெல்ல வாசிங்கண்ணா, என் வயலின் கேக்கவே மாட்டேங்குது!"

பயந்தது நடக்கவில்லை; நடந்தது வேறு. உச்சத்துக்கு ஏறும் இடத்தில் மேல்தந்தி பட்டென்று அறுந்தது. ஆர்கெஸ்ட்ராவாக இருந்தால் பக்கத்திலிருப்பவர் தன் வயலினை நீட்டிவிடுவார். இங்கே இருந்ததோ என் வயலின் ஒன்றுதான். முன்வரிசையில் யாரோ, "ஏமைந்தி, என்ன ஆச்சு?" என்றார்கள்.

கிளாரினெட் வாசிக்கும் முனிரத்தினம் அண்ணன் என் பக்கம் குனிந்தார். "நீ தந்திய மாத்திக்கினு வாம்மா, நாங்க பாத்துக்கறோம்."

அடுத்த நொடி என் பகுதியை அவர் வாசித்தார். அவருடைய தாளில் அந்த வரிகளே கிடையாது. நான் வழக்கமாகக் கொஞ்சம் இழுத்து நிறுத்தும் இடத்தில் அவரும் இழுத்து நிறுத்தினார். புதுத் தந்தியை எடுத்து மாட்டினேன். அவர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக் காத்திருந்தார். அதோடு சுருதி சேர்த்து உள்ளே நுழைந்தேன்.

கைதட்டல் எதுவும் நினைவில் இல்லை. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தவள் நான். அத்தனை நாளும் ஒரு சுரம் விடாமல் என் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.