அமிர்தவல்லி ஏலம் விடாத பெட்டி

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அமிர்தவல்லி ஏலம் விட்டால் எதிர்க்கரையில் வலை பின்னுகிறவர்களுக்கும் விலை கேட்கும். ஒரு கூடை சங்கராவை அவர் புகழ்வதைக் கேட்டால், அந்த மீனுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரோ என்று தோன்றும். வயது ஐம்பதைத் தாண்டியும் குரல் மட்டும் இறங்கவில்லை.

அந்தக் குரலை வயிறு கெடுத்தது. மாதக்கணக்காகத் தண்ணீராகவே போனது. ஏலத்தின் நடுவில் முகம் சுருங்கும். கடைசியாகக் கேட்டவருக்கே மீனைத் தள்ளிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவார். கருவடிக்குப்பத்தில் மீன்கடை வைத்திருந்த சகாயநாதன் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். அவர் மீனைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அமிர்தவல்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சுருங்கியதும் அடிமாட்டு விலை கேட்பார். வஞ்சிரம் அவருக்குப் போய்விடும். படகுக்காரர்கள் முறைத்தார்கள்.

மோர், மாதுளந்தோல், வசம்பு எதற்கும் வயிறு அடங்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குடல் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். கணவர் ராஜவேலுக்கு அது போதுமானதாக இருந்தது.

"டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. நீயா நெனச்சிக்கிற அமிர்தம்."

"நெனச்சிக்கிட்டா ஓடுறேன்? எங்க, நீ நெனச்சி ஒரு தடவ ஓடிக் காட்டு பாக்கலாம்."

கடைசியில், குடல் அழற்சி பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் நிர்மலாதேவியிடம் போனார்கள். அவர் மறுபடி குழாய் விட்டு, பார்வைக்கு நன்றாக இருந்த இடங்களிலேயே கடுகளவு சதை எடுத்துச் சோதித்தார்.

"கண்ணுக்கு நல்லாத்தாம்மா தெரியும். மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் குடலோட உள்தோலுக்கு அடியில கொலாஜன் பட்டை தடிச்சிருக்கறது தெரியுது. கொலாஜனஸ் கோலைட்டிஸ்னு பேரு."

"கொலாஜன்னா இன்னாம்மா?"

"ஒரு புரதம். நம்ம தோல்ல இருக்கு, எலும்புல இருக்கு. மீன் தோல்லகூட இருக்கு."

"சின்ன வயசிலேர்ந்து மீனுகூடவே நிக்கிறேன். உள்ள ஏறிடுச்சா?"

"அப்படியெல்லாம் ஏறாதும்மா."

முட்டிவலிக்குத் தினமும் விழுங்கிய மாத்திரைகூடக் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். குடலுக்கு வேறு மருந்து எழுதினார். ஆரம்பிக்கும் முன் ஆராய்ச்சிக்காக மலம் கொஞ்சம் ஐஸில் வைத்துக் கொண்டுவர முடியுமா என்று தயங்கிக் கேட்டார்.

"என்கிட்ட இல்லாத ஐஸா?" என்றார் அமிர்தவல்லி.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பாவை நிரப்பி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வைத்து, டேப் ஒட்டி, ஏலம் முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று துறைமுகத்துக்கே எடுத்து வந்தார். நடுவில் வயிறு கூப்பிட்டது. ராஜவேலைக் காவலுக்கு வைத்துவிட்டு ஓடினார்.

"இன்னா மாமா, டைகர் இறாலா? யாருக்கு ஒதுக்கி வச்சிருக்கீங்க?" என்றார் சகாயநாதன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவுது. டாக்டரம்மா கேட்டாங்க."

டாக்டரம்மா கேட்டால் உயர்ந்த சரக்காகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, சகாயநாதன் ஒரு விலை சொன்னார். பக்கத்தில் நின்றவர் அதற்கு மேல் சொன்னார். ராஜவேல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அமிர்தவல்லி திரும்பி வந்தபோது விலை வஞ்சிரத்தைத் தாண்டியிருந்தது.

"அது விக்கிறதுக்கில்ல சகாயம்."

"இத்தினி வருஷமா உங்கிட்டதானே எடுக்கறேன்க்கா. எனக்கு இல்லாததா?"

"உனக்குத் தரக்கூடாதுன்னு இல்லப்பா. அது நான் வெளிக்கிப் போனது."

சகாயநாதன் சிரித்துவிட்டு விலையை ஏற்றினார். அப்படியே குனிந்து டேப்பையும் பிரித்தார். டப்பாவின் மேல் ஆஸ்பத்திரி ஸ்டிக்கர் இருந்தது. படித்தார். மூடியை மெதுவாக வைத்து, டேப்பைத் தானே திரும்ப ஒட்டிவிட்டு, கை கழுவப் போனார். அன்று அவர் மீன் எடுக்கவில்லை.

மருந்தில் சில வாரங்களில் வயிறு அடங்கியது. முட்டி மட்டும் வலித்தது. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே ஏலம் விட்டார். டாக்டரைப் பார்க்கப் போனபோது அவர் வருத்தப்பட்டார்: "இது பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருது. ஆனா வெக்கப்பட்டுக்கிட்டு வர்றதே இல்லம்மா. ஆராய்ச்சிக்கு ஆளே சேரல."

மறுநாள் ஏலத்துக்கு முன் துறைமுகம் முழுக்கக் கேட்டது: "யாருக்கெல்லாம் மாசக்கணக்கா தண்ணியா போவுது? கை தூக்குங்க. இதுல இன்னா வெக்கம்?"

எல்லோரும் கீழே பார்த்தார்கள். பிறகு மீன் வெட்டும் சின்னப்பாப்பா கத்தியோடு கையைத் தூக்கினாள். அதற்குப் பின் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன.

அடுத்த வாரம் நிர்மலாதேவியின் அறை வாசல் முழுக்க மீன் வாசனை. சோதித்ததில் பலருக்குக் காரணம் வேறாக இருந்தது. சின்னப்பாப்பாவுக்கு மட்டும் அதே பட்டை.

"என்னோடதுதான் உனக்கும்," என்று அமிர்தவல்லி பெருமையாகச் சொல்லி, அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.