பேசும்படியாக ஒன்றுமில்லை

கிரெஸ்டனுக்கு வாய் இருந்தது. காபி குடிக்கத் திறக்கும், ரொட்டி தின்னத் திறக்கும். வலிக்கிறது என்று சொல்ல மட்டும் திறக்காது. டென்மார்க்கில், எங்கள் மேற்கு யூட்லாந்துக் கரையில் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான். ஆனாலும் இவன் எங்களுக்கே அதிகம். புயலில் பாதிக் கூரை பறந்துபோன மறுநாள், "வீடு கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வேலைக்கு வந்த ஆள்.

நான் எங்கள் மீன் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகச் சங்கப் பிரதிநிதி. முதலாளிகளோடு மல்லுக்கட்டி எனக்குப் பழக்கம். என் உயிரை வாங்கியது எங்கள் ஆளேதான்.

ஒரு மார்ச் மாதம், பனிக்கட்டியும் மீனும் நிரப்பி அடுக்கியிருந்த ஒன்பது பெட்டிகள் சரிந்து அவனுடைய வலது தோளில் விழுந்தன. அவன் எழுந்தான். இடது கையால் பெட்டிகளைத் திரும்ப அடுக்கினான். மணி அடிக்கும்வரை வேலை பார்த்தான். விபத்துப் படிவத்தில் 'நடந்தது என்ன' என்ற இடத்தில், 'பெட்டி லேசாகப் பட்டது. மீனுக்குச் சேதமில்லை' என்று எழுதிக் கொடுத்தான். அதை வாசித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுடைய இடது தோளை நானே ஒரு வழி பண்ணியிருப்பேன். படிவத்தைக் கிழித்துப்போட்டு, வேறொன்று எழுதி அனுப்பினேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. தோள் தேறவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்காரனைப் பெட்டி கழுவ விட்டார்கள். அடுத்த வருடக் கடைசியோடு அதுவும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். இனி அவனுக்கு இருந்த ஒரே வழி, வேலையில் பட்ட அடியால் நிரந்தரமாக எவ்வளவு குறை என்று அரசு அலுவலகம் போடும் சதவீதம்தான். ஐந்துக்குக் கீழே போட்டால் நஷ்டஈடு என்று ஒன்றுமே இல்லை.

பரிசோதிக்க வந்தவர் கோபன்ஹேகன்காரர், சின்ன வயது டாக்டர். வலி எப்படி என்று கேட்டிருக்கிறார். பேசும்படியாக ஒன்றுமில்லை என்றிருக்கிறான் நம்மாள். தூக்கம்? அது பாட்டுக்கு வருது. டாக்டர் பாவம், சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டார். ஐந்துக்குக் கீழே என்று கடிதம் வந்தது.

மேல்முறையீட்டுக்கு நான்கு வாரம் அவகாசம். எழுதிப் போட்டேன். மறுபடி பரிசோதனைக்கு அழைப்பு வந்ததும், தினமும் சாப்பாட்டு இடைவேளையில் கிரெஸ்டனை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தோம். நான்தான் டாக்டர். வலிக்கிறதா என்று கேட்பேன். அவன் காபியைப் பார்ப்பான். மீன் வெட்டும் பெண்கள் எல்லாரும் வேலையை மறந்து அவன் வாயையே பார்ப்பார்கள். ஐந்தாம் நாள், காது சிவந்துபோய், "இருக்குறது தெரியுது" என்றான். கேண்டீனே கைதட்டியது. இதற்கு மேல் இவனிடமிருந்து ஒன்றும் பெயராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பரிசோதனைக்குத் துணையாக நானும் போனேன். கார் ஓட்டியது அவன் மனைவி டாக்னி. அடிபட்டதிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாளாம். வயல்களைப் பார்த்துக்கொண்டு வர ஆசையாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். ஐம்பத்தெட்டு வருடமாக அதே வயல், அதே உருளைக்கிழங்கு.

இந்த டாக்டரம்மா எங்கள் பக்கத்துக்காரர், ஓய்வு பெறும் வயது. வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. முன்பு செய்து இப்போது செய்யாமல் விட்டது என்னென்ன என்று கேட்டார். கிரெஸ்டன் யோசித்துவிட்டு, பெரிசாக ஒன்றுமில்லை என்றான். நான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

பதில் டாக்னியிடமிருந்து வந்தது. எதையும் விட்டுவிடவில்லை என்றுதான் அவளும் ஆரம்பித்தாள். பிறகு, ஒரு கொடியைத் தவிர, என்றாள். பிறந்தநாள் என்றால் காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக் கம்பத்தில் நாட்டுக் கொடி ஏறியாக வேண்டும், அது எங்கள் வழக்கம். டாக்னியின் இரண்டு பிறந்தநாளுக்கு அந்த வீட்டில் கொடி ஏறவில்லை. இருவரும் பிரியப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. நானும் இரண்டு பேரிடம் சொன்னேன், பொய் எதற்கு.

"கயிறு இத்துப்போச்சுன்னு சொன்னான்," என்றாள் டாக்னி. "கிறிஸ்துமஸுக்குப் புதுக் கயிறே வாங்கிக் கொடுத்தேன். அது கொட்டகையிலயே கிடக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கிரெஸ்டன் தரையைப் பார்த்தான்.

"பழைய கயிறு நல்லாத்தான் இருக்கு," என்றான். "கைதான் மேல போகல."

டாக்னி அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "ரெண்டு வருஷமா?"

"ம்."

"நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டு இருந்தேனே, மடையா," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டரம்மா அவன் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். மார்பு உயரத்துக்கு மேல் அது போகவில்லை, அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவர் பேனாவை எடுத்து இரண்டு பக்கம் எழுதினார்.

பன்னிரண்டு சதவீதம் என்று தீர்ப்பு வந்தது. கிரெஸ்டன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தான். கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, குறைக்கச் சொல்லி எழுதலாமா என்று கேட்டான். கடிதத்தைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த மே மாதம், டாக்னியின் பிறந்தநாள். காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது அந்த வீட்டைப் பார்த்தேன். கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. அப்படிக் கொடி நின்றால் அந்த வீட்டில் சாவு. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடினேன்.

கம்பத்தடியில் கிரெஸ்டன் உயிரோடுதான் நின்றான். இடது கையில் ஒரு சுற்று கயிறு, மிச்சத்தைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தான். ஜன்னலில் திரை இன்னும் விலகவில்லை.

"யாருய்யா செத்தது?" என்று கேட்டேன்.

அவன் கயிற்றை வாயிலிருந்து எடுத்தான். "யாரும் சாகல. அவ எழுந்திரிக்கறதுக்குள்ள ஏத்தணும்," என்றான். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, "தோள் ரொம்ப வலிக்குது. கொஞ்சம் இழேன்," என்றான்.

நான் இழுத்தேன்.